கைப்பிடியும் உழைப்பும்: சண்டிலிப்பாயை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உடல்வலிமை பற்றி எழுதுவோர் தோளையும் மார்பையும் தொடையையும் விரித்துப் பேசுவர். கையை, சிறப்பாக ஒரு பொருளைச் சுற்றி வளைந்து பற்றும் விரல்களை, ஒரு பந்தியுடன் முடித்துவிடுவர். ஆயினும் தரையிலிருந்து எழும் எப்பாரமும் விரல்களின் வழியாகவே உடலுக்கு வந்து சேர்கின்றது. முதுகு நூறு கிலோவைத் தாங்க வல்லதாயினும் விரல்கள் எண்பதில் விரிந்துவிடின், அம்மனிதன் தூக்கக்கூடியது எண்பதே. இவ்வுண்மையை அடியாகக் கொண்டு எழுந்ததே பருமனான பிடியுடைய தண்டைக்கொண்டு செய்யும் வலிமைப் பயிற்சியாகும்.

ஒலிம்பிக் பளுதூக்கலிற் பயன்படும் பார்பெல் தண்டின் விட்டம் ஆண்களுக்கு 28 மில்லிமீற்றர். பெண்களுக்கு 25 மில்லிமீற்றர். இவ்வளவில் விரல்கள் தண்டைச் சுற்றிவந்து கட்டைவிரலைச் சந்திக்கின்றன. கட்டைவிரலை மற்றை விரல்களுக்குள் அடக்கிப் பூட்டுப்போல் இறுக்குவதும் பளுதூக்குவோர் வழக்கம். விட்டம் 50 மில்லிமீற்றரை, அதாவது ஏறக்குறைய இரண்டங்குலத்தை, எட்டும்போது இப்பூட்டு விழுவதில்லை. மூடிய வளையமாக இருந்த கை திறந்த கொளுக்கியாகிவிடுகின்றது. தண்டு விரல்நுனியை நோக்கி உருண்டு நழுவ முயல்கின்றது. அதனைத் தடுக்கும் பொறுப்பு விரல்களை மடக்கும் தசைகளைச் சாருகின்றது. இத்தசைகளுட் பெரியவை முன்கையில் அமைந்து, நீண்ட நாண்களால் விரலை இழுப்பவை. ஆதலால் தரையிலிருந்து இழுத்துத் தூக்கும் பளுவின் அளவு பருத்த தண்டிலே பெரிதும் குறைந்துவிடும். மேல்நோக்கித் தள்ளும் பயிற்சிகளில் தண்டு உள்ளங்கையின்மீது தங்கியிருப்பதால் அத்தகைய குறைவு நேர்வதில்லை. பருமன்பிடி சோதிப்பது எதனை என்பதற்கு இவ்வேறுபாடே போதிய சான்று.

இம்முறை அண்மைக்காலத்தில் மேனாட்டார் கண்டுபிடித்த புதுமைபோற் பேசப்படுகின்றது. இதற்கு மறுமொழியாக நம்மவர் ஒரு வாய்பாட்டைக் கூறுவதும் கேட்கக்கூடியதே: துலா மிதித்தவனுக்கும் உலக்கை போட்டவளுக்கும் தேகாப்பியாசம் எதற்கு என்பது அது. இவ்விரு கூற்றுகளும் வரலாற்றுக்கு முரணானவை என்பது எனது துணிபு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து ஊர்களில் ஒன்றாகிய சண்டிலிப்பாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்கலாம். அதற்குமுன் பருத்த தண்டு மேனாட்டில் எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சுருக்கமாக அறிதல் வேண்டும்.

பிரான்சிலே 1862இற் பிறந்த லூயி யூனி என்பார் அப்பொலோன் என்ற மேடைப் பெயரால் அறியப்பட்ட பெருவலியர். இரயில் வண்டிச் சக்கரங்கள் இரண்டையும் அவற்றை இணைத்த இரும்பு அச்சையும் அவர் தமது ஆட்டக்களத்திற் பயன்படுத்தினார். அதன் நிறை 366 இறாத்தல், ஏறக்குறைய 166 கிலோ. நிறையினும் பெருந்தடையாக அமைந்தது அச்சின் பருமன். அதன் விட்டம் 49 மில்லிமீற்றர். அச்சும் சக்கரங்களும் ஒன்றாகப் பொருந்தியிருந்தமையால் தனியே சுழலவும் மாட்டா. பின்வந்தோருள் சார்ள் றிகுலோ 1930இலும், அமெரிக்கரான ஜோன் டேவிஸ் 1949இலும், நோர்பேட் ஷெமான்ஸ்கி 1954இலும் அதனைத் தலைக்குமேல் உயர்த்தினர். டேவிஸ் அக்காலத்து உலகப் பெரும் பளுதூக்கு வீரர். அவரும் முதன்முயற்சியில் வெல்லவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த தொமஸ் இஞ்ச் வைத்திருந்த கைக்குண்டின் நிறை 172 இறாத்தல், ஏறத்தாழ 78 கிலோ. பயின்ற ஒருவர் சாதாரணப் பிடியில் ஒரு கையால் உயர்த்தக்கூடிய நிறைதான் இது. ஆனால் அதன் பிடி 60 மில்லிமீற்றர் பருமன் உடையதாக இருந்தமையால், தூக்க வந்தோர் பலர் அதனைத் தரையிலிருந்து அசைத்தலோடு அமைய நேர்ந்தது.

1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கிலே, ஜெர்மனியின் பேர்க் என்பார் அமைத்த, முனைகள் சுழலும் பார்பெல் பயன்பட்டது. அதன்பின் தண்டு மெலிந்து, வழுவழுப்பாகச் சுழன்று, கைக்கு இசைந்த கருவியாயிற்று. பருத்த தண்டு வேடிக்கைப் பொருளாகி மறைந்தது. அதனை மீண்டும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்து வந்தோருள் அமெரிக்க எழுத்தாளர் புறூக்ஸ் கியூபிக் முக்கியமானவர். அவர்தம் நூல் 1996இல் வெளிவந்தது. 2002இல் ஒகாயோ மாநிலத்து கொலம்பஸ் நகரில் நடந்த பெருவலியர் போட்டியிலே அப்பொலோனின் அச்சைப் போலச் செய்யப்பட்ட தண்டை மார்க் ஹென்றி மும்முறை தலைக்குமேல் உயர்த்தினார். இன்று சாதாரணத் தண்டின்மேற் பொருத்தும் இறப்பர் உறைகளே சந்தையில் விற்பனையாகின்றன.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி ஊன்றி நோக்கற்பாலது. அப்பொலோனின் அச்சு மனிதக் கைக்கென்று செய்யப்பட்டதன்று. வண்டி ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பொருளை ஒருவர் தூக்கினார், அவ்வளவே. கைக்கென்று செய்யப்பட்டது பின்னர் வந்த மெலிந்த தண்டுதான். தொழிற்பொருள் தன் வேலைக்கேற்ற பருமனில் இருக்கும். கை அதற்கு இசைந்துகொள்ளும். அவ்வாறாயின் பருமன்பிடியின் வரலாற்றை ஆட்டக்களத்திலன்றித் தொழிற்களத்திலேயே தேட வேண்டும். அத்தேடலுக்குச் சண்டிலிப்பாய் போன்ற ஊர் மிகப் பொருத்தமானது.

யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகர் செல்லும் தெருவில் மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் இடையில் அமைந்தது இவ்வூர். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளை அந்தாதிக்கு உரிய பிள்ளையார் கோயில் இங்கேயே உள்ளது. குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்க ஒன்றேயான வழுக்கையாறும் இவ்வூர்ப் பக்கமாகவே செல்கின்றது; ஆயின் அது மாரியில் மட்டும் ஓடுவது. எஞ்சிய மாதங்களில் சுண்ணக்கற் பாறைக்குக் கீழுள்ள நீரே உயிர்நீர். அதனை மேலே கொணரக் கிணறும், கிணற்றிலிருந்து எடுக்க மனித உடலும் தேவைப்பட்டன. ஒல்லாந்தர் காலந்தொட்டுத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலை, மழையை நம்பி விளைந்த பயிரன்று. துலாவை நம்பி விளைந்த பயிர். மிளகாயும் வெங்காயமும் அவ்வாறே.

ஆடுகாலின்மேற் பொருத்திய நீண்ட துலாவில் ஒருவர் அல்லது இருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கீழே நிற்பவர் துலாக்கொடியைப் பற்றிப் பட்டையைக் கிணற்றுள் இறக்கி, நிறைந்தெழும் பட்டையைக் கையால் வாங்கி வாய்க்காலிற் சரிப்பார். மிதிப்பவருக்குக் காலும் சமநிலையும்; பட்டை பிடிப்பவருக்குக் கையும் இடுப்பும். ஒரு பட்டை நீரின் நிறை பெரிதன்று. ஆனால் விடியுமுன் தொடங்கும் இறைப்பு, தோட்டத்தின் கடைசிப் பாத்தி நனையும்வரை ஓயாது. ஈரம் படிந்த கொடியை நூற்றுக்கணக்கான முறை பற்றியும் விட்டும் பழகிய கை, பளுதூக்கு வீரரின் கையினின்றும் வேறானது. உச்சவலிமையன்று, களையாமையே அதன் இயல்பு.

பனைமரமோ கையால் வளைக்கவே முடியாத பருமன் உடையது. சீவல் தொழிலாளி காலில் தளைநார் பூட்டி, மரத்தை மார்போடு தழுவி ஏறுவார். இங்கே விரற்பிடி என்பதே இல்லை. உள்ளங்கை, முன்கை, மார்பு, பாதம் யாவும் சேர்ந்து ஒரு பெரும்பிடியாகின்றன. காலையும் மாலையும் பல மரங்கள். மேலே சென்றதும் அதே கை, கத்தியை மெல்லெனப் பிடித்துப் பாளையை மெல்லிய சீவலாகச் சீவுதல் வேண்டும். முரட்டு வேலையும் நுட்ப வேலையும் ஒரு கையிலேயே அடுத்தடுத்து நிகழும் இத்தகைய தொழில் அரிது.

ஆயினும் பருமன்பிடித் தண்டுக்கு மிக அணித்தான பொருள் தோட்டத்திலன்று, அடுக்களையிலே இருந்தது. அதுவே உலக்கை. வயிரம் பாய்ந்த மரத்தாற் செய்து நுனியில் இரும்புப் பூண் இட்ட இத்தண்டு, கைபட்டுத் தேய்ந்து மெலிந்த பின்பும், ஓர் இளம்பெண்ணின் கட்டைவிரலும் நடுவிரலும் அதைச் சுற்றிச் சந்திப்பது பெரும்பாலும் இல்லை. நெல் குற்றுவதும் மா இடிப்பதும் நாள்தோறும் நிகழ்ந்த வேலைகள். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வள்ளைப் பாட்டு இடம்பெறுவதை நோக்கின், உலக்கைத் தொழிலுக்கெனத் தனிப் பாட்டுவகையே தமிழில் இருந்தமை புலனாகும். ஆண்களின் வீரத்தைப் பாடத் துறை பல கண்ட இலக்கியம், பெண்களின் கைவலிமையைப் பாட்டின் தாளத்துக்குள் வைத்ததேயன்றி அதனை வலிமை என்று பெயரிட்டு அழைத்ததாகத் தோன்றவில்லை.

இத்தொடர்பில் ஒரு சிறு செய்தியைச் சொல்லிச் செல்லலாம். அயலூராகிய மானிப்பாயில் 1848 முதல் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். உடற்கூற்றியல் நூலான மனுஷ அங்காதிபாதம் அவரது முயற்சியால் 1872இல் வெளிவந்தது. விரலை மடக்கும் தசைகள் முன்கையில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது சண்டிலிப்பாயிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலே தமிழில் எழுதப்பட்டாயிற்று. அத்தசைகளை மிகுதியும் வளர்த்திருந்தோருள் எத்தனை பேர் அந்நூலை வாசிக்கும் நிலையில் இருந்தனர் என்பது வேறு வினா.

அவ்வினா நம்மைச் சமுதாய அமைப்புக்கு இட்டுச் செல்கின்றது. சிறு கமக்காரர் தம் துலாவைத் தாமே மிதித்தனர். அவர்தம் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்லுமுன் மிதித்தனர். ஆயினும் பெருந்தோட்டங்களின் இறைப்பும் பனைத்தொழிலும் நிலமற்றோரின் தோள்களிலேயே தங்கின. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்டது. மனிதர் சிலர் சீதனத்தோடும் முதுசத்தோடும் வைத்து எண்ணப்பட்ட சமுதாயம் அது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1844இலேயே. சட்டம் ஒழித்தாலும் வழமை உடனே ஒழியவில்லை. 1966 முதல் தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் சமவுரிமை வேண்டி எழுந்த போராட்டங்களில், சண்டிலிப்பாய்க்கு அடுத்த சங்கானை 1968இல் இரத்தம் சிந்தக் கண்டது. ஊருக்கு நீரிறைத்த கை, ஊர்க் கிணற்றில் அள்ளக்கூடாத கையாகவும் இருந்தது என்பதை மறந்து அக்கையின் வலிமையைப் பாராட்டுதல் பொருந்தாது.

விரும்பி மேற்கொண்ட வலிமையின் நிலை வேறு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடினார்; அது புறநானூற்றில் இடம்பெற்றது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டப்பெயரை விரும்பிச் சூடினான். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலே இளைஞர் தூக்கித் தோளுக்குமேல் எறியும் இளவட்டக்கல், ஊர்ப் பொதுவிடத்தில் வைக்கப்பட்டது. அதைத் தூக்குவது மணத்துக்குரிய தகுதியாகக் கருதப்பட்டதும் உண்டு. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி இப்போட்டி இன்றும் நடைபெறுகின்றது. உருண்டு வழுவழுத்த அக்கல்லுக்குப் பிடி என்பதே இல்லை. விரல்களை விரித்து, முன்கைகளால் அணைத்து, தொடைமேல் ஏற்றி, மார்போடு உருட்டித் தோளுக்குக் கொணர வேண்டும். பருமன்பிடியின் இறுதி எல்லை இதுவே எனலாம். இந்தியக் கர்லாக்கட்டையோ பிடி மெலிந்தது. பாரத்தைப் பிடியினின்றும் தொலைவில் வைத்து மணிக்கட்டைச் சோதிப்பது. அதனைக் கண்ட ஆங்கிலேயர் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். 1834இல் டொனால்ட் வாக்கர் எழுதிய நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. பின்னர் யூஜின் சாண்டோ 1904-1905 காலப்பகுதியில் இந்தியாவில் வலம்வந்தார். கட்டுடலுக்குத் தமிழில் அவர் பெயரே ஆகுபெயராயிற்று. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன் நின்ற சாண்டோ என்னும் அடையை அறியாதார் இலர். எங்கள் கட்டை கப்பலேறிச் சென்று, ஒரு பிரசியரின் பெயர் கப்பலேறி வந்தது. வாணிகம் சமமானதா என்று கேட்கத் தோன்றுகின்றது.

மன்னனின் மல், இளைஞரின் கல், சாண்டோவின் மேடை ஆகிய மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. பாரத்தைத் தூக்குபவர் தாமே தெரிந்தெடுத்தார், களைத்தபோது கீழே வைத்தார், ஊர் பார்த்தது. துலாவுக்கும் உலக்கைக்கும் இம்மூன்றும் இல்லை. உடற்பயிற்சி விஞ்ஞானம் இன்று கூறும் அடிப்படையும் இதுவே. தசை வளர்வதற்குப் பளு படிப்படியாக ஏறவேண்டும். இடையிடையே ஓய்வு வேண்டும். ஈடுசெய்யும் உணவு வேண்டும். உழைப்பாளியின் பளு ஏறுவதில்லை. நேற்றைய பட்டையே இன்றைய பட்டை. ஓய்வு அவர் கையில் இல்லை. உணவோ பெரும்பாலும் கஞ்சியும் கூழுமே. பயிற்சி உடலைச் சேமிக்கின்றது என்றால், ஓயா உழைப்பு அதனைச் செலவிடுகின்றது.

17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து நிகழ்ந்த ஆய்வொன்று 2015இல் லான்செற் மருத்துவ இதழில் வெளிவந்தது. பிடிவலிமை குன்றியோர் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பதும், இவ்வகையில் இரத்த அழுத்தத்தினும் பிடிவலிமை நம்பகமான அறிகுறி என்பதும் அதன் முடிபுகள். ஆனால் நமக்கு வேண்டிய செய்தி பிறிதொன்று. வருமானம் மிகுந்த நாட்டு ஆடவரின் பிடிவலிமையிலும் வருமானம் குறைந்த நாட்டு ஆடவரின் பிடிவலிமை தாழ்ந்திருந்தது. உடலுழைப்பு மட்டுமே வலிமை தருமாயின் முடிபு மறுதலையாக இருந்திருத்தல் வேண்டும். உடலமைப்பும் ஊட்டமும் இதில் இடம்பெறுவன என்பதை மறுக்கவில்லை. உண்மையில் வலியுறுத்த வேண்டியதும் அதுவே. துலா மிதித்தவனுக்குத் தேகாப்பியாசம் எதற்கு என்ற வாய்பாடு இங்கே தளர்ந்து வீழ்கின்றது. வறுமையை வலிமையென்று வருணிப்பது வறியவர்க்குச் செய்யும் மரியாதையன்று.

1950களிலும் அதன் பின்னரும் மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டுத் தோட்டங்களிற் பரவத் துலாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அரைக்கும் ஆலைகள் வந்து உலக்கைகளை மூலையிற் சாத்தின. அவை சென்றதற்கு வருந்துவோர் பெரும்பாலும் அவற்றைப் பிடித்தவர் அல்லர்.

ஆனால் கையின் தேவை மறையவில்லை. எழுதுகோலும் கைத்தொலைபேசியும் மட்டுமே பிடிக்கும் மாணவர் தலைமுறைக்குப் பருமன்பிடிப் பயிற்சி பயனுடையதே. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சாதாரணத் தண்டில் தடித்த துணியை இறுகச் சுற்றினாலே பிடி பருத்துவிடும். முதலில் வழக்கமான பளுவினும் மிகக் குறைத்தே தொடங்கல் வேண்டும். தரையிலிருந்து இழுத்தல், வளைந்து நின்று இழுத்தல், இரு கையிலும் சுமந்து நடத்தல் ஆகியவற்றுக்கே இது தகும். வாரத்தில் ஓரிரு நாள் போதும். நாள்தோறும் செய்யின் முழங்கைப் பக்கத்து நாண்கள் நோவெடுக்கும். முதுகுக்கும் தொடைக்கும் உரிய முழுப் பளுவை மெலிந்த தண்டிலேயே தூக்குதல் நன்று. இல்லையேல் விரலின் எல்லை முழு உடலின் எல்லையாகிவிடும். துலா மிதித்தவருக்கு இத்தெரிவுகளுள் ஒன்றும் இருந்ததில்லை.

உலக்கை முற்றாக மறைந்துவிடவுமில்லை. யாழ்ப்பாணத்துச் சைவ மரணச் சடங்கிலே திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணமிடிக்கும் வழக்கம் தொடர்கின்றது. இன்று பலர் தம் வாழ்நாளில் உலக்கையைத் தொடுவது அவ்வேளையில் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் சண்டிலிப்பாயில் அத்தகைய ஒரு சடங்கில் நான் நின்றிருந்தேன். பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும், நன்கு கட்டமைந்த உடலுடைய இளைஞர் ஒருவர் உலக்கையை இரு கைகளாலும் இறுகப் பற்றி இடித்தார். பத்து இடிக்குள் அவர் முன்கை நரம்புகள் புடைத்தன. அருகில் நின்ற மூதாட்டி, "தம்பி, உப்பிடி இறுக்கிப் பிடியாதை, கை கொப்பளிக்கும். தூக்கேக்கை பிடி, விழேக்கை விடு" என்றார். பின்னர் உலக்கையை வாங்கி, விழும்போது விரல்களைத் தளர்த்தியும் எழும்போது கூட்டியும், கை மாற்றிக் கை மாற்றி இடித்துக் காட்டினார். அவரது விரல்கள் மூட்டுகளில் வீங்கி, முழுதாக நிமிராதனவாக இருந்தன.